கீழ்த்தள அறை எடுக்கலாமா? முதலில் அது கப்பலின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். ஜூன் கடைசியில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது 67, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அம்மா, மனைவி, ஒன்பது வயது மகன், நான் என நால்வரும் சியாட்டிலில் ஏறி ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணம் போக நினைக்கிறோம். மனைவிக்குக் கொல்லிமலை வளைவில் பஸ் ஏறினாலே வாந்தி. பயண ஏஜென்ட் மூன்று வழி சொல்கிறார். ஒன்று, முதல் தளத்தில் முன்பக்கம் வட்ட ஜன்னல் வைத்த இரண்டு அறைகள். இரண்டு, எட்டாம் தளத்தில் பின்கோடியில் பால்கனியோடு நால்வருக்கும் ஒரே அறை. மூன்று, அறை எண் தராமல் 'கேரண்டி' என்று மலிவாக விற்பது. கீழ்த்தளம் ஆடாது என்கிறார் ஏஜென்ட். கீழே போனால் இருட்டு, சத்தம் என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ, அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். எதை எடுக்கலாம்?

பதில்: கீழ்த்தளத்தையே எடுங்கள். ஆனால் ஏஜென்ட் காட்டிய அந்த இரண்டு அறைகள் வேண்டாம். அதே முதல் தளத்திலோ அதற்கு அடுத்த தளத்திலோ, கப்பலின் நீளத்தில் நட்ட நடுவே ஜன்னல் அறை ஒன்றும், நடைபாதையின் எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்றும் கேளுங்கள். உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் பொருந்துவது இந்த ஏற்பாடுதான்.

'கீழ்த்தளம் ஆடாது' என்பதில் பாதிதான் உண்மை. கப்பலுக்கு இரண்டு விதமான ஆட்டம் உண்டு. ஒன்று இடமும் வலமுமாகச் சாய்வது. தென்னை மரம் காற்றில் ஆடும்போது உச்சி எவ்வளவு அலைகிறது, தூர் எவ்வளவு சும்மா நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அது போலத்தான். கப்பல் இரு பக்கமும் 3 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். சாயும் அச்சிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் முதல் தள அறை பக்கவாட்டில் சுமார் 26 சென்டிமீட்டர் நகரும். 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் எட்டாம் தள அறை 1.3 மீட்டர் நகரும். கீழே போகப் போக இந்த ஆட்டம் குறைவது நிச்சயம்.

இன்னொன்று, முன்முனை எழும்பிப் பின்முனை தாழ்வதும் பிறகு அது மாறி நடப்பதுமான ஆட்டம். நம் மீனவர்கள் அணியம், அமரம் என்று சொல்லும் இரண்டு முனைகளும் ஏற்றக்கட்டை போல மாறி மாறி ஏறி இறங்கும். இதில் நீங்கள் எத்தனையாவது தளத்தில் இருக்கிறீர்கள் என்பதால் பெரிய வித்தியாசம் வராது. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 300 மீட்டர் நீளக் கப்பல் ஒரே ஒரு டிகிரி ஏறி இறங்கினாலும், நடுவிலிருந்து 110 மீட்டர் முன்னால் இருக்கும் அறை 1.9 மீட்டர் மேலே போய், அதே அளவு கீழே வரும். ஓர் ஆள் உயரத்துக்கு மேலாகத் தூக்கி இறக்குவது போல. நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு அது வெறும் 35 சென்டிமீட்டர்தான். மலைப்பாதையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் மனைவிக்குத் தெரியாததில்லை.

வயிற்றைப் புரட்டுவதில் பக்கவாட்டுச் சாய்வைவிட இந்த மேல் கீழ் அசைவுதான் மோசமானது. ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை மேலே போய்க் கீழே வரும் அசைவைத்தான் மனித உடம்பு மிகக் குறைவாகத் தாங்கும். கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குள் நீளும் இறக்கைகள் உண்டு, ஸ்டெபிலைசர் என்பார்கள். அவை பக்கவாட்டுச் சாய்வை நன்றாக அடக்கும். முனைகள் ஏறி இறங்குவதை அவற்றால் அடக்க முடியாது. அதனால் 'எங்கள் கப்பலில் ஸ்டெபிலைசர் இருக்கிறது' என்று சொல்லி முன்கோடி அறையை விற்றால் ஏமாறாதீர்கள். அது ஏறக்குறைய எல்லாப் பெரிய சொகுசுக் கப்பலிலும் இருக்கிறது.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் மூன்று வழிகளையும் பாருங்கள். முதல் தள முன்பக்க அறை, உயரத்தில் சம்பாதித்ததை நீளத்தில் தொலைத்துவிடுகிறது. எட்டாம் தளப் பின்கோடிப் பால்கனி இரண்டையும் தொலைக்கிறது. ஜன்னல் பெரிது, காட்சி அருமை, ஆனால் உங்கள் வீட்டுக்கு அது ஆகாது. 'கேரண்டி' என்பது, வகையை மட்டும் நீங்கள் சொல்ல, அறையைக் கப்பல் நிறுவனம் பிறகு ஒதுக்குவது. எல்லோரும் தேர்ந்தெடுத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்கு வரும். மிஞ்சுவது பெரும்பாலும் முன்கோடி, பின்கோடி, நாட்டிய அரங்கின் கீழ் அறைகளாகத்தான் இருக்கும். வயிறு கெட்டியான இளைஞர்களுக்கு அது லாபம். உங்களுக்கு வேண்டாம்.

பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சியாட்டிலில் கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் ஹுவான் டி ஃபுகா நீரிணை வழியாக வெளியேறி, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் வடக்கு நோக்கிப் போகும். முதல் இரவும் மறுநாளும் அங்கேதான். திரும்பி வரும்போது விக்டோரியா துறைமுகத்தை எட்டுவதற்கு முன் மறுபடியும் அதே கடல். நடுவில் வரும் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஊர்களும் பனிப்பாறை விரிகுடாவும் மலைகளுக்கு இடையே உள்ள நீர்வழிகளில் இருப்பவை. குளம் போல இருக்கும் நாட்களே அதிகம். ஆக, ஏழு நாளில் மனைவி கஷ்டப்படக்கூடியது ஆரம்பத்தில் ஒரு நாளும் கடைசியில் ஒரு நாளும். ஜூன் கடைசி நல்ல பருவம்தான். மே தொடக்கத்திலும் செப்டம்பரிலும்தான் காற்று கூடுதல்.

கனடாவின் வான்கூவர் நகரத்திலிருந்து கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு உள்பக்கமாகவே வடக்கே போகும். திறந்த கடல் அங்கே சில மணி நேரம் மட்டும். மனைவியின் வயிற்றுக்கு எந்த அறைத் தேர்வும் செய்யாத உதவியை இந்தப் பாதை செய்யும். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பாதையில் போனாலும் அம்மாவின் விசா விஷயத்தை இன்றே பாருங்கள். சியாட்டில் பயணத்திலும் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நிற்கும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்கினால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாலையில் சில மணி நேரம்தானே, இறங்காமல் இருந்துவிடலாமே என்று நினைக்க வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டில் வரும் அம்மாவுக்குக் கனடா விசாவும், திரும்பி நுழைய அமெரிக்க மல்டிபிள் என்ட்ரி விசாவும் இல்லாவிட்டால் சியாட்டில் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறையின் காசும் போகும்.

இனி அறை. கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் டெக் பிளான், அதாவது தளம் வாரியாக அறைகளைக் காட்டும் வரைபடம், இருக்கும். உங்கள் பயணத் தேதிக்கு உரியதுதானா என்று பாருங்கள், ஏனென்றால் கப்பலைப் பழுதுபார்ப்புக்கு விட்டுத் திரும்பும்போது அறைகளைக் கூட்டுவார்கள், அரங்குகளை மாற்றுவார்கள். பிளானில் நடு லிஃப்ட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இரு பக்கமும், குறிப்பாகச் சற்றுப் பின்பக்கம், நாலிலிருந்து பத்துக் கதவு தூரத்துக்குள் இருக்கும் அறைகள்தான் உங்கள் வேட்டை எல்லை. சற்றுப் பின்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம், கப்பல் ஏறி இறங்கும் அச்சு வழக்கமாக நட்ட நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் விழும். லிஃப்ட்டுக்கு நேர் எதிர்க் கதவு வேண்டாம், நள்ளிரவு வரை பேச்சுச் சத்தம் கேட்கும்.

அடுத்துச் செய்ய வேண்டியதைப் பலரும் செய்வதில்லை. நீங்கள் பார்த்து வைத்த அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று இரண்டு பிளான்களையும் ஒப்பிடுங்கள். பெரிய கப்பல்களின் அடுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அடியில் இன்ஜினும் ஊழியர் பகுதியும், அதன் மேல் ஒன்றிரண்டு தளம் பயணிகள் அறைகள், அதன் மேல் உணவுக்கூடம், தியேட்டர், கேசினோ, கடைகள், அதற்கும் மேல் மறுபடியும் அறைகள், உச்சியில் நீச்சல் குளமும் பஃபேயும். அதாவது கீழ்த்தள அறைவாசியின் கூரைதான் கூட்டம் கூடும் இடத்தின் தரை. உணவுக்கூடத்தின் கீழே விழுந்தால் இரவு பத்தரைக்குப் பிறகும் நாற்காலி இழுக்கும் சத்தம். சமையலறையின் கீழே என்றால் விடியற்காலையிலேயே தள்ளுவண்டி உருளும். தியேட்டரின் கீழே என்றால் இசையின் கனத்த அடி ஒலி சுவர் வழியாக இறங்கும். நடைப்பயிற்சித் தளத்துக்கு நேர் கீழே என்றால் காலை ஆறு மணிக்கு ஓட்டக்காரர்களின் காலடி. கடைகளோ வரவேற்புக் கூடமோ மேலே இருந்தால் பயமில்லை, இரவில் அடங்கிவிடும். எல்லாவற்றிலும் நல்லது, மேலேயும் அறை, கீழேயும் அறை என்று இருப்பது. இரண்டு கீழ்த்தளங்களில் அறைகள் இருந்தால், அடித்தளத்து அறைக்குத்தான் மேலேயாவது அறை என்ற வசதி அமையும், ஏனென்றால் அதன் கூரைக்கு மேலே இன்னோர் அறைதான் வரும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அறைதான் அமைதியாக இருக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் கப்பலின் நடுவில், மேலே அறை இருக்கும் இடத்தில், அது உண்மை.

பிளானில் வெள்ளையாக, பெயரே இல்லாமல் விட்டிருக்கும் கட்டங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். அவை ஊழியர் பகுதி, சாமான் அறை, சலவைக்கூடம், இயந்திரக் குழாய்கள் போகும் இடம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஊழியர்கள் கப்பலின் முழு நீளத்துக்கும் போய்வரும் அகலமான நடைபாதை ஒன்று கீழே ஓடும். அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரைச் சூட்டி அதை ஐ-95 என்பார்கள். உணவுப் பொருள், குப்பை, பெட்டிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். உங்கள் அறைக்கு நேர் கீழே அது வந்தால் இரும்புத் தரையில் வண்டி ஓடும் அதிர்வு லேசாகத் தெரியும். அது தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருக்காது, தெரிந்து எடுத்தால் போதும்.

பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு உள்ள அறைகளைப் பிளானில் ஓர் அடையாளம் போட்டுக் காட்டுவார்கள். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கதவின் இடுக்கு வழியாக டிவி சத்தம் வரும். உங்களுக்கே இரண்டு அறையும் என்றால் அதுவே வசதி. ஆனால் நடுக் கீழ்த்தளத்தில் அப்படி அமைவது அபூர்வம் என்பதால்தான் எதிரெதிர் அறைகளைச் சொல்கிறேன்.

சத்தத்தில் முன்பக்கத்துக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு. கப்பலைத் துறையில் பக்கவாட்டாக நகர்த்த முன்முனையில் தண்ணீருக்கு அடியில் குழாய் போன்ற துளைக்குள் விசிறிகள் சுழலும், பௌ த்ரஸ்டர் என்பார்கள். கப்பல் கரை சேர்வது பெரும்பாலும் காலை ஆறு ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் முதல் தள முன்பக்க அறையில் கட்டில், மேஜை, கண்ணாடி டம்ளர் எல்லாம் கடகடவென்று நடுங்கும். அரை மணி நேரம் வரை நீடிக்கும். ஏழு நாளில் நான்கைந்து தடவை வரும். நங்கூரம் போட்டுப் படகில் இறக்கும் ஊராக இருந்தால் சங்கிலி இறங்கும் இரைச்சலும் சேரும். அலை பெரிதாக இருக்கும் இரவில் முன்முனை தண்ணீரில் மோதி 'தடால்' என்று அறையும் சத்தம் வேறு. அம்மா பயந்து எழுந்து உட்காருவது அந்தச் சத்தத்துக்குத்தான். பின்கோடியில் கீழ்த்தளம் என்றால் உந்துவிசிறியின் அதிர்வு, நிற்காத ஒரு ரீங்காரம். நடுவில் இவை எதுவும் பெரிதாக எட்டாது. சில கப்பல்களில் ஸ்டெபிலைசர் இறக்கையை நீட்டும்போதும் மடக்கும்போதும் நடு அறைகளில் ஓர் உரசல் கேட்கலாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நண்பர்கள் சொன்ன இருட்டு விஷயம் ஜன்னலைப் பொறுத்தது. அடித்தளங்களில் சில கப்பல்களில் வட்ட ஜன்னல், சிலவற்றில் சதுரமான பெரிய ஜன்னல். இரண்டுமே திறக்க முடியாதவை, கண்ணாடி மிகத் தடிமன். ஏஜென்டிடம் 'ஓஷன் வியூ' என்று மட்டும் கேட்காமல் வட்டமா சதுரமா, ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். ஜூன் கடைசியில் ஜூனோவில் பகல் பொழுது 18 மணி நேரத்துக்கும் மேல், அதனால் ஒரு வட்ட ஜன்னலே அறைக்குத் தாராளம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் திரை நன்றாக மூடுகிறதா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும்.

மிக அடியில் இருக்கும் வட்ட ஜன்னல்களுக்கு உள்பக்கம் இரும்பு மூடி ஒன்று உண்டு. கடல் மிகக் கொந்தளித்தால் ஊழியர்கள் வந்து அதை மூடி இறுக்கிவிடுவார்கள். இது விதிமுறைப்படி செய்யும் முன்னெச்சரிக்கை, ஆபத்து வந்துவிட்டதன் அறிகுறி இல்லை. அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், திடீரென்று மூடினால் பயப்படுவார். ஜூனில் அதற்கு அவசியம் வருவது அரிது.

காட்சியில் கீழ்த்தளத்துக்கு ஒரு நன்மை இருப்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். உயிர்காப்புப் படகுகள் தொங்குவது நடுத்தளங்களுக்கு வெளியே. அங்கே ஜன்னல் அறை எடுத்தவர்களில் பலருக்கு முன்னால் தெரிவது படகின் முதுகுதான். நீங்கள் படகுகளுக்குக் கீழே இருப்பதால் மறைப்பே இல்லை. கடல்நாய் மிதப்பதும், திமிங்கிலம் மூச்சு விடுவதும் ஏறக்குறைய கண் மட்டத்தில் தெரியும். ஆனால் தொடுவானம் கிட்டே வந்துவிடும். 6 மீட்டர் உயரத்திலிருந்து அது 9 கிலோமீட்டருக்குள், 30 மீட்டர் உயரத்திலிருந்தோ 20 கிலோமீட்டரை ஒட்டி. பனிப்பாறை விரிகுடாவில் யாரும் அறைக்குள் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்தாருக்கும் காட்டும், எல்லோரும் திறந்த தளத்தில்தான் நிற்பார்கள். ஆகவே இடப்பக்கமா வலப்பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும் உங்கள் ஜன்னலுக்கு எதிரே கான்கிரீட் சுவரோ நடந்து போகிறவர்களோ இருப்பார்கள். விளக்குப் போட்டால் திரையை இழுத்துவிடுங்கள்.

பால்கனிக்கும் கீழ்த்தள ஜன்னல் அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நால்வருக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகுக்கோ ஸ்காக்வேயிலிருந்து மலையேறும் வைட் பாஸ் ரயிலுக்கோ அது உதவும். அந்த ரயிலில் அம்மா முழங்காலை அசைக்காமல் கண்ணாடி வழியாக எல்லாம் பார்க்கலாம். என் கணக்கில் அதுதான் காசுக்கு மதிப்பு.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். 'அடித்தளம்' என்ற சொல்லே அந்தப் பயத்தைக் கொடுக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவை இன்ஜின் அறைகள், எண்ணெய் மற்றும் நீர்த் தொட்டிகள், ஊழியர் பகுதிகள். இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்களில் பயணிகளுக்கு விற்கும் அறைகள் நீர்மட்டத்துக்கு மேலேதான். அதற்கும் அடியில் கப்பலின் உடல் குறுக்குச் சுவர்களால் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது, ஓரிடத்தில் நீர் புகுந்தால் அங்கேயே நிறுத்தத்தான். ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தால் அம்மாவுக்கே புரிந்துவிடும்.

ஆனால் அவர் கேட்காத ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அபாயச் சங்கு, அதாவது ஏழு சிறிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும், கேட்டால் கூட வேண்டிய இடம் உயிர்காப்புப் படகுகள் இருக்கும் நடுத்தளங்களை ஒட்டி இருக்கும். அந்த நேரத்தில் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. மேல்தளத்தார் படி இறங்க வேண்டும், கீழ்த்தளத்தார் படி ஏற வேண்டும். முதல் தளத்திலிருந்து மூன்று நான்கு தளம் ஏறுவது தேய்ந்த முழங்காலுக்குச் சாதாரணமல்ல. எனவே முன்பதிவின்போதே 'அவசர நேரத்தில் படி ஏற உதவி தேவை' என்று சிறப்புத் தேவைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேஜையில் மறுபடியும் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவர்களின் அறை எண்களை வைத்து, அவர்களை அழைத்துச் செல்ல ஊழியர்களை நியமித்திருப்பார்கள். 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி நடத்தியாக வேண்டும் என்பது உலக விதி. அன்றைக்கே அறையிலிருந்து அந்த இடம் வரை நால்வரும் ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இந்த உதவி சரியாக அமையாது என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும், படகுத் தளத்துக்கு ஒன்றிரண்டு தளம் மேலே, அதே நடுப்பகுதியில் அறை பாருங்கள். ஆட்டம் கொஞ்சம் கூடும், படி குறையும்.

மற்றபடி முழங்காலுக்குக் கீழ்த்தளம் நல்லதுதான். கரையில் இறங்கும் பாலம் பெரும்பாலும் கீழ்த்தளங்களிலிருந்தே போடப்படும், மருத்துவமனையும் அங்கேதான். பஃபே உச்சியில் இருப்பதால் காலை எட்டரைக்கு லிஃப்ட் நிரம்பி வழியும். ஏழரைக்கே போங்கள், அல்லது மேஜைக்குப் பரிமாறும் பெரிய உணவுக்கூடத்தில் காலை உணவைச் சாப்பிடுங்கள், அது உங்களுக்குக் கிட்டே. நடு லிஃப்ட் முதல் தளம் வரை இறங்குகிறதா என்று பிளானில் பாருங்கள், சில கப்பல்களில் எல்லா லிஃப்ட்டும் அடிவரை வராது. அலாஸ்காவில் ஏற்ற வற்றம் மிகப் பெரிது, ஒரே நாளில் 5, 6 மீட்டர் வரை நீர் ஏறி இறங்கும். அதனால் இறங்கும் பாலம் காலையில் சமமாக இருந்து மதியம் செங்குத்தாகிவிடலாம், சில நேரம் வேறு தளத்துக்கே மாற்றிவிடுவார்கள். இறங்கும்போதே வாசல் ஊழியரிடம், எத்தனை மணிக்குத் திரும்பினால் சரிவு குறைவாக இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குளியலறை வாசலில் படி போல ஒரு விளிம்பு இருக்கும், அம்மா முதல் நாள் இரவே இடறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷவருக்குள் உட்கார ஒரு முக்காலி முன்கூட்டியே கேட்டால் தருவார்கள். சக்கர நாற்காலி புகும் அகலக் கதவுள்ள அறைகள் உண்டு, ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கானவை. குளியலறையில் சாக்கடை வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். தரை வடிகாலில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால் அப்படி வரும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். அப்படியும் போகாவிட்டால் அறை ஊழியரிடம் சொல்லுங்கள்.

யார் எந்த அறையில்? கூரையிலிருந்து இறங்கும் மூன்றாவது கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டும், அதில் அம்மாவைப் போடாதீர்கள். அம்மாவும் மகனும் ஜன்னல் அறையில், நீங்கள் இருவரும் எதிர் உள் அறையில் என்பதுதான் முதலில் தோன்றும். நான் மாற்றிச் சொல்கிறேன். வாந்தி வரும் மனைவிக்குக் கண்ணால் தொடுவானம் தெரிய வேண்டும், அவருக்கும் மகனுக்கும் ஜன்னல் அறை. நீங்களும் அம்மாவும் உள் அறை. இரவு அம்மா எழுந்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். அலாஸ்காவின் நீண்ட வெளிச்சத்தில் உள் அறையின் இருட்டு வயதானவர்களுக்கு நல்ல தூக்கம் தரும். பகலில் கதவைத் தட்டிவிட்டு இரு பக்கமும் போய்வந்துகொள்ளலாம்.

எத்தனை நல்ல அறையானாலும் மனைவிக்கு மாத்திரை கையில் இருக்கட்டும். அமெரிக்கக் கடைகளில் மருத்துவச் சீட்டு இல்லாமல் மெக்லிசின் கிடைக்கும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு, திறந்த கடலுக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். 12 வயதுக்குக் கீழ் மெக்லிசின் வேண்டாம், மகனுக்கு மருத்துவரைக் கேளுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையை அம்மாவுக்கு நீங்களாக ஒட்டிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு அது குழப்பம், மங்கல் பார்வை, சிறுநீர் அடைப்பு தரலாம், கண் அழுத்த நோய் இருந்தால் ஆபத்து. ஊரிலிருந்து அம்மா கொண்டுவரும் சின்னாரிசின் மாத்திரை அமெரிக்கக் கடையில் கிடைக்காது என்பதால் தேவையென்றால் மருத்துவச் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் வயிறு வாந்தியைக் கூட்டும், உலர்ந்த ரொட்டி, இஞ்சி மிட்டாய் பக்கத்தில் இருக்கட்டும். கப்பல் ஆடத் தொடங்கினால் அறையில் புத்தகமோ போனோ பார்க்காமல், நடுப்பகுதித் திறந்த தளத்தில் போய் நின்று தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கண்ணை மூடி மல்லாந்து படுப்பது அடுத்த நல்ல வழி.

ஏஜென்டிடம் பேசும்போது ஒரு வாக்கியத்தை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்: எங்கள் அனுமதி இல்லாமல் அறையை மாற்றவோ உயர்த்தவோ கூடாது. 'இலவச அப்கிரேட்' என்ற பெயரில் நடுக் கீழ்த்தள அறையைத் தூக்கி ஒன்பதாம் தள முன்கோடியில் போட்டுவிடுவது நடக்கிற விஷயம். விலைப்பட்டியலில் அது உயர்ந்த வகை, உங்கள் மனைவிக்கு அது தண்டனை. முன்பதிவுத் தாளில் 'நோ அப்கிரேட்' என்று பதிவாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். நடுப்பகுதிக் கீழ்த்தள அறைகள் எண்ணிக்கையில் கொஞ்சம், விவரம் தெரிந்தவர்கள் முதலில் எடுப்பதும் அவற்றைத்தான். முழுப் பணமும் கட்ட வேண்டிய கெடு பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால் வரும், அப்போது சிலர் விலகுவதால் அறைகள் திரும்பி வரும். இப்போது கிடைக்காவிட்டால் கிடைத்ததில் நடுவுக்கு மிக அருகில் இருப்பதைப் பிடித்து வைத்து, அந்த வாரத்தில் தினமும் ஒரு முறை ஏஜென்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.